இருபத்தெட்டு

மாங்கூழ் கம்பெனியில் என் வேலை
வண்டிகளின் தூரத்தை எழுதுவது.
புறப்படும்போது மீட்டர் எவ்வளவு, திரும்பும்போது எவ்வளவு,
கழித்தால் வருவது தூரம்.
தூரத்தை மூன்றரையால் வகுத்தால் டீசல்.
காவேரிப்பட்டணத்தில் இதற்கு மேல் கணக்கு
யாருக்கும் தேவைப்படுவதில்லை.

திம்மராயன் வண்டி மட்டும்
தூத்துக்குடி போய்வரும் ஒவ்வொரு நடையிலும்
இருபத்தெட்டு கூடக் காட்டும்.
இருபத்தேழு இல்லை. முப்பது இல்லை.
தப்பு செய்கிறவர் இவ்வளவு சரியாகச் செய்ய மாட்டார்.

கம்ப்யூட்டரில் வண்டி ஒரு பச்சைப் புள்ளி.
முதலாளி பார்ப்பது சராசரி வேகம்.
சராசரிக்கு எல்லாமே சமதரை.
தொப்பூர் இறக்கத்தில் இரண்டாம் கியரில்
பிரேக் கருகும் வாடையோடு உருண்டதும்
ஓமலூர் தாண்டிப் பறந்ததும் கலந்து
நாற்பத்தொன்று என்று வரும்.
நான் நிமிடம் நிமிடமாகப் பார்த்தேன்.

காரிமங்கலத்தில் வலப்பக்கம் திரும்புகிறது புள்ளி.
மேற்கே, பாலக்கோடு. பதினான்கு கிலோமீட்டர்.
இரவு இரண்டு பத்துக்குத் தக்காளி மண்டி.
அங்கே அறுநூறு மீட்டருக்கு
வேகம் பதினொன்று.
மூன்றே கால் நிமிடம், கொஞ்சம் கூட இருக்கலாம்.
நிற்கவில்லை.
வளைந்து, வந்த வழியே மறுபடி பதினான்கு.

போகும்போது நாற்பது, வரும்போதும் நாற்பது.
வேகத்துக்கு இரண்டும் ஒன்று.
திசைவேகம் ஒப்புக்கொள்ளாது.
மேற்கே போன நாற்பதும்
கிழக்கே வந்த நாற்பதும் ஒன்றுதான் என்று
அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

ஏழாம் வகுப்பில் ஒரு கேள்வி:
தொலைவு, இடப்பெயர்ச்சி, வேறுபடுத்துக. இரண்டு மதிப்பெண்.
எனக்கு ஒன்று கிடைத்தது.
கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தால்
இடப்பெயர்ச்சி பூஜ்யம் என்று எழுதிவிட்டு
எடுத்துக்காட்டை விட்டுவிட்டேன்.
எடுத்துக்காட்டு இப்போது மாதம் நான்கு முறை
கேட்டுக்குள் வந்து ஹாரன் அடிக்கிறது,
பம்பரில் வாடிய எலுமிச்சம்பழத்தோடு.

இருபத்தெட்டுக்கு நேராக
'டயர் பஞ்சர்' என்று ஒரு மாதம்,
'சாலைப் பணி, மாற்றுப்பாதை' என்று ஒரு மாதம்
எழுதி வந்தேன்.
மண்டியில் யார், என்ன, கேட்டதில்லை.
நான் எழுதுவது அவருக்குத் தெரியுமா,
அதுவும் கேட்டதில்லை.

ஆனியில், காய் குவிந்து ஆலை இரவிலும் ஓடிய வாரம்.
காலையில் வந்து திரையைப் பின்னோட்டிப் பார்த்தேன்.
மண்டி வாசலில் பதினொன்று.
ஆறு.
இரண்டு.
பூஜ்யம்.
நான்கு மணி நேரம் பூஜ்யம்.

கன்டெய்னர் கப்பலைத் தவறவிட்டது.
"எங்கே போய்த் தொலைஞ்சான்?" என்றார் முதலாளி.
"எங்கேயும் போகலை சார்.
காரிமங்கலத்தில் திரும்பி
காரிமங்கலத்துக்கே வந்திருக்கார்.
இடப்பெயர்ச்சி பூஜ்யம்."
"டீசலுக்கு அது தெரியுமாம்மா?"

தெரியாது. டீசல் படித்தது தூரத்தை மட்டும்.
எட்டு லிட்டர், படிக்காசில் பிடித்தம்.
என் கையாலேயே எழுதினேன்.
எட்டின் மேல்சுழி சரியாக வரவில்லை.

ஆறாம் நாள் வந்து கையெழுத்துப் போட்டார்.
பிடித்தத்தைப் படித்தாரா தெரியவில்லை,
பேனாவை மூடாமலே வைத்தார்.
பக்கத்தில் ஒரு மஞ்சள் பை.
உள்ளே தக்காளி. அடியில் இரண்டு நசுங்கி
டிரிப் ஷீட்டின் ஓரம் நனைந்துவிட்டது.
ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும்.
நான் எடை போடவில்லை.

மீட்டரைக் கழித்தேன்.
இந்த நடை ஐம்பத்தாறு கூட.
திரும்பும்போதும் போயிருக்கிறார்.

முதலாளி வருவதற்குள்
இன்னொரு டயரைப் பஞ்சராக்க வேண்டும்.